வாரயிறுதிப் புதிர்ப் போட்டிக்கு அணி சேர்ப்பது: பத்துக் கெட்டிக்காரர்கள் மட்டும் போதுமா?

கேள்வி, அக்டோபர் 26

டிசம்பர் இரண்டாம் வாரம் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடியும் புதிர்ப் போட்டி ஒன்றுக்கு நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறோம். குறுக்கெழுத்து, சங்கேத எழுத்து, எண்புதிர் எல்லாவற்றிலும் நல்ல பயிற்சி உள்ளவர்கள். அணிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்றும், அவர் புதிர் தீர்க்காமல் அணியைக் கவனித்தால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். பத்தில் ஒரு மூளையைச் சும்மா உட்கார வைப்பது வீண் என்பது என் கருத்து. தவறா?

அக்டோபர் 26, இரவு

தவறு என்றே சொல்வேன். இத்தகைய போட்டிகள் நான்கில் கலந்துகொண்டிருக்கிறேன். முதல் இரண்டிலும் நீங்கள் சொல்லும் முறையில்தான் இறங்கினோம், இரண்டிலும் தோற்றோம்.

இப்போட்டிகளின் அமைப்பை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு புதிரும் எந்த விளக்கமும் இல்லாமல் வரும். என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதன் விடை பெரும்பாலும் ஒரு சொல் அல்லது சொற்றொடர். ஒரு சுற்றில் உள்ள ஏழெட்டுப் புதிர்களின் விடைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சுற்றின் மெட்டா புதிர் தீரும். ஆகவே ஒருவர் எவ்வளவு வேகமாகத் தீர்த்தாலும், அவருடைய விடை மற்றவர்கள் கண்ணில் படும் இடத்துக்கு வந்து சேராதவரை அணிக்கு அது தீர்ந்ததாகக் கணக்கில்லை.

எங்கள் இரண்டாவது போட்டியில் ஒரே அறையின் இரு மூலைகளில் இருவர் ஒரே புதிரைத் தனித்தனியாக மூன்று மணி நேரம் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள் என்பதால் இருவருக்குமே விடை கிடைத்தது. அதே நேரத்தில் இன்னொரு புதிர் யாரும் திறந்துகூடப் பார்க்காமல் கிடந்தது. ஞாயிறு காலை அதைத் திறந்தவர் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த மெட்டாவுக்கு எங்களிடம் குறைவாக இருந்தது அந்த ஒரு விடைதான். யார் எதில் இருக்கிறார், எதில் யாருமே இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் இருந்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அக்டோபர் 27

ஒரு திருத்தம். நான்கு என்று எழுதினேன். இணையம் வழியாகவே நடந்த ஒன்றையும் சேர்த்தால் ஐந்து. அதை மறந்துபோனதற்குக் காரணம் உண்டு. வீட்டில் அச்செடுத்த தாளின் ஓரத்தில் விழுந்திருந்த மைப் புள்ளிகளைப் பிரெயில் எழுத்து என்று நம்பி, ஒன்றரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு சொற்கள் கிடைக்கவும் செய்தன. ஆறு புள்ளிகளால் ஆன கட்டத்தில் எதைத் தெளித்தாலும் ஏதாவது ஓர் எழுத்து கிடைத்துவிடும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

அக்டோபர் 29

அணியின் அளவு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வகைப் போட்டிகளில் மிகப் பெயர் பெற்றது, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) நடக்கும் மிஸ்டரி ஹன்ட். 1981-இல் பிராட் ஷேஃபர் என்ற ஆராய்ச்சி மாணவர் தொடங்கியபோது அது ஒரே தாளில் அடங்கிய பன்னிரண்டு துணுக்குகளாக இருந்தது. தீர்த்தவர் வளாகத்தில் ஒளித்து வைத்த ஒரு பழைய நாணயத்தைக் கண்டெடுக்க வேண்டும். இன்றும் ஆண்டுதோறும் ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையை ஒட்டிய வெள்ளிக்கிழமை நண்பகலில் அது தொடங்குகிறது. நூறு பேருக்கு மேற்பட்ட அணிகளும் அதில் உண்டு, கைவிரலில் எண்ணக்கூடிய அணிகளும் உண்டு. வெல்லும் அணிதான் அடுத்த ஆண்டின் போட்டியை எழுதி நடத்த வேண்டும். அதனால் வென்றுவிடக் கூடாதே என்று உள்ளூர அஞ்சும் அணிகளும் இருக்கின்றன. உங்கள் போட்டியிலும் அப்படி ஒரு விதி இருந்தால், வெல்ல விரும்புகிறோமா என்பதைப் பெயர் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். ஞாயிறு நள்ளிரவில் எழுப்பக்கூடிய கேள்வி அல்ல அது.

2013-இல் அந்தப் போட்டி திங்கட்கிழமை பிற்பகல் வரை நீண்டது. 2017-இல் சனிக்கிழமை விடியும் முன்பே முடிந்துவிட்டது. எனவே எத்தனை மணி நேரத்துக்குத் திட்டமிடுவது என்பதே நிச்சயம் இல்லாத ஒன்று. (அந்த 2013-இல் வென்ற அணி, தடித்த நாவல் ஒன்றின் முழு வாசகத்தையும் தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் முழுப் பெயரையும் வாசித்திருந்தால் அந்தப் போட்டி இன்னும் முடிந்திருக்காது.)

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். எனக்குப் பிடித்த அளவு பன்னிரண்டு. எட்டுக்குக் கீழே போனால் இருவர் தூங்கும்போது அணியே தூங்கிவிடும். இருபதைத் தாண்டினால் ஒரே புதிரின் மேல் ஆறு பேர் குனிந்து நிற்பார்கள். நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

நவம்பர் 2

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலான அணிகள் சறுக்குகின்றன. உங்கள் பத்துப் பேரும் ஒரே மாதிரிக் கெட்டிக்காரர்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. சொல்விளையாட்டில் தேர்ந்தவர் இருவர் போதும். மோர்ஸ், செமஃபோர், கப்பல் கொடிகள் போன்ற சமிக்ஞை முறைகளைப் பார்த்தவுடன் அடையாளம் காண்பவர் ஒருவர் வேண்டும். மூன்று நிறங்கள் மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருந்தால் 27 சேர்க்கைகள் வரும், அதில் 26 ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் அடங்கும் என்று உடனே சொல்பவர் அவராகத்தான் இருப்பார். இசையைக் காதால் கேட்டு இனங்காண்பவர், சிறு நிரல் எழுதி ஆயிரம் சேர்க்கைகளைச் சோதித்துப் பார்ப்பவர், வெளியே ஓடிப்போய் ஒரு கல்வெட்டைப் படித்து வரச் சலிக்காதவர் என்று ஒவ்வொருவர் தேவை. இவர்கள் எல்லோரையும்விட எனக்கு முக்கியமானவர், இருநூறு படங்களின் பெயர்களை வாய் திறக்காமல் வரிசையாகத் தட்டச்சு செய்து தருகிறவர். அவர் தன்னைப் புதிர் தீர்ப்பவர் என்றே நினைத்துக்கொள்ள மாட்டார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

சேர்க்கக் கூடாதவர் ஒரே ஒரு வகை. ஒரு புதிரில் பத்து நிமிடம், அடுத்ததில் பத்து நிமிடம், எதிலும் ஒரு குறிப்பும் எழுதி வைக்காமல் தாவிக்கொண்டே இருப்பவர். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்.

நவம்பர் 3

தச்சன் பழமொழியை ஒருவர் மறுத்திருக்கிறார். ஒரே மரத்தை இரவு முழுக்க வெட்டிக்கொண்டிருந்த தச்சனைத் தான் பார்த்திருப்பதாகவும், அந்த மரம் கடைசியில் தூண் என்று தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் இப்போது நாற்பது நிமிடக் கணக்கு வைத்திருக்கிறோம். நாற்பது நிமிடமாகப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லையென்றால், அதுவரை கண்டதை எழுதிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுதாமல் எழுந்திருப்பவரைத்தான் நேற்றுத் திட்டினேன்.

நவம்பர் 9

விரிதாள் பற்றி விரிவாக எழுதும்படி இருவர் கேட்டதால் இது நீளும்.

கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு முதன்மைத் தாள் போதும். புதிருக்கு ஒரு வரி. அதில் புதிரின் பெயர், அதன் இணைப்பு, நிலை, இப்போது யார் இருக்கிறார், விடை. ஒவ்வொரு புதிருக்கும் தனித் தாள் ஒன்றை உள்ளேயே திறந்து, வேலை முழுவதும் அதில்தான் நடக்க வேண்டும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பேசிக்கொள்ளலாம், ஆனால் அங்கே எழுதியது ஒரு மணி நேரத்தில் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும், இரவு மூன்று மணிக்கு எழுந்து வருபவர் அதைத் தோண்டி எடுக்க மாட்டார். பேச்சில் பிறந்த யோசனையைத் தாளில் எழுதியாக வேண்டும் என்பதை முதல் மணி நேரத்திலேயே பழக்கப்படுத்துங்கள். சிலர் நோட்டுப் புத்தகத்தில்தான் யோசிப்பார்கள். யோசிக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தாளில் ஒட்டிவிட்டால் போதும்.

நாங்கள் கண்ணீர் விட்டுக் கற்றது ஒன்று உண்டு. ஒரு புதிரில் எழுபது வரிகள் கொண்ட அட்டவணையை மூவர் சேர்ந்து நிரப்பியிருந்தோம். ஒருவர் அகரவரிசை பார்ப்பதற்காக ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின. அவற்றுக்கு எதிரே இருந்த எண்கள் அப்படியே நின்றன. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பொருந்தாத எண்களை வைத்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தோம். மெய்யெழுத்துகள் மட்டுமே வந்தன. பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும் என்பது உண்மைதான், ஆனால் எப்போது கெட்டது என்று தெரிந்தால்தானே திரும்புவது? இப்போது எந்த அட்டவணையானாலும் முதல் பத்தியில் 1, 2, 3 என்று மூல வரிசை எண்ணைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். வரிசைப்படுத்த விரும்புபவர் தாளை நகல் எடுத்து அந்த நகலில் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, முதன்மைத் தாளில் ‘முயன்று கைவிட்டவை’ என்று ஒரு பத்தி வையுங்கள். ஒருவர் சோதித்துப் பொருந்தவில்லை என்று கண்டதை அடுத்தவர் மறுபடியும் சோதிக்காமல் இருக்க அது உதவும். இதை நிரப்புவது ஒருங்கிணைப்பாளரின் வேலை. அணியில் அவர் ஒருவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்பதால் எது பயனற்றது என்று அவரே முடிவு செய்யலாம்.

நவம்பர் 16

பயிற்சி. ஒரு மாலையில் பழைய போட்டியின் ஒரு சுற்றை எடுத்து அணியாகத் தீர்த்துப் பாருங்கள். எம்.ஐ.டி. போட்டியின் பழைய புதிர்கள் விடை விளக்கங்களோடு பொதுவில் கிடைக்கின்றன. பயிற்சியில் கவனிக்க வேண்டியது விடை கிடைத்ததா என்பதைக் காட்டிலும், பாதியில் சேர்ந்தவருக்கு நடந்ததைச் சொல்லி முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைத்தான். எங்கள் முதல் பயிற்சியில் பதினாறு நிமிடம் ஆனது. மூன்றாவதில், தாளைப் படித்தே அவர் தொடங்கிவிட்டார்.

தமிழிலேயே பயிற்சிப் புதிர் அமைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். அமைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஓர் எண் என்று 1 முதல் 26 வரை கொடுப்பது போல 247 எழுத்துகளுக்கும் கொடுத்தால் யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. மெய் 18, உயிர் 12 என்று ஒரு கட்டம் போட்டு, ஓர் எழுத்துக்கு இரண்டு எண்களாகக் கொடுத்தால் அழகாக அமைகிறது. ‘க’ வரிசை 1, ‘இ’ பத்தி 3 என்றால் ‘கி’. தனி உயிருக்கு வரிசை எண்ணும் தனி மெய்க்குப் பத்தி எண்ணும் பூச்சியம். இரண்டும் பூச்சியமானால் ஆய்தம். பாவம், அது எங்கே போனாலும் தனியாகத்தான் நிற்கிறது. பதினெட்டு பகடை வீச்சு முடிவுகளைப் போல் அந்த எண்களை அடுக்கிக் கொடுத்தபோது எங்கள் அணியில் நிரல் எழுதுபவர் அதை நிகழ்தகவுக் கணக்காகப் பார்த்தார். தட்டச்சு செய்பவர் பத்து நிமிடத்தில் படித்துவிட்டார். பகடையில் ஒன்பது எப்படி விழும் என்று அவர் கேட்ட கேள்விதான் திறவுகோலாக அமைந்தது.

நவம்பர் 23

தூக்கம். இரண்டு இரவும் விழித்திருப்பதைப் பெருமையாகப் பேசுபவர்களை இங்கே பார்க்கிறேன். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்கள், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவர்களைப் போலவோ அவர்களைவிட மோசமாகவோ சோதனைகளில் தடுமாறியதாக 2000-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வெள்ளி காலை வழக்கம்போல் எழுந்து அலுவலகம் போய் வந்து மாலையில் புதிரில் உட்காருபவர், நள்ளிரவிலேயே அந்த நிலையை எட்டிவிடுகிறார்.

மேசையில் உட்கார்ந்து செய்யும் தவறுக்கு விலை ஒரு புதிர்தான். வெளியே போய்த் தீர்க்கும் போட்டிகளில் அப்படி இல்லை. 2002 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடாவில், வண்டியில் இடம் மாறி மாறி இரவும் பகலும் தீர்க்கும் ‘கேம்’ வகைப் போட்டி ஒன்று நடந்தது. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் குறிப்பிட்ட எண்ணுள்ள வாயிலில் மட்டுமே நுழைய வேண்டும் என்று குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தார்கள். வேறு வாயிலில் நுழைந்த ஒருவர் உள்ளே இருந்த குழியில் சுமார் 30 அடி ஆழம் விழுந்து நிரந்தரமாக உடல் செயலிழந்தார். தூக்கமில்லாத கண் எதைப் படிக்கும், எதைத் தாண்டிப் போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எங்கள் அணியில் இரவு பதினொன்றுக்கு மேல் வெளிவேலைக்குத் தனியாக யாரும் போவதில்லை. வண்டி ஓட்டுபவர் அன்று தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும்.

மூன்று முறையாகப் பிரித்து ஐந்தைந்து மணி நேரம் தூங்குங்கள். ஒருங்கிணைப்பாளர் மட்டும் கடைசியாகத் தூங்கினால் போதும்.

டிசம்பர் 11

நாளை நாங்களும் அதே போட்டியில்தான் இருக்கிறோம். இன்று இரவு புதிய செயலி எதையும் நிறுவாதீர்கள். கடவுச்சொற்களைச் சரிபாருங்கள். மின்னிணைப்புப் பெட்டி இரண்டு கூடுதலாக எடுத்து வையுங்கள்.

டிசம்பர் 16

நவம்பர் 9-ஆம் தேதிக் குறிப்பின் கடைசிப் பத்தியையும் 23-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியையும் திரும்பப் பெறுகிறேன்.

எங்கள் அணியில் ஒருங்கிணைப்பாளர் நான். முதல் சுற்றில் ஏழு விடைகள். வெள்ளி இரவு பதினொன்றுக்கு அவற்றில் மூன்று வந்திருந்தன: ஸ்வீடன், ஆப்பிரிக்கா, லெமன். சனி மாலைக்குள் சன்டயல், ஸ்டாச்சூ, தம்ப், சட்டயர் ஆகிய மீதி நான்கும் வந்தன. நான் ஆங்கில எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாமே ஐந்து, ஆறு, ஏழு. அந்த எண்களை எழுத்தாக மாற்றினால் இ, எஃப், ஜி. மூன்றும் மேற்கத்திய இசையின் சுரக் குறியீடுகள். ஏழு விடைகள், ஏழு சுரங்கள் என்று என் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. மெட்டா தாளின் தலைப்பிலேயே ‘இது ஒரு மெட்டு’ என்று எழுதினேன். இசை தெரிந்தவர் அந்த ஏழு சுரத்தையும் வெவ்வேறு வரிசையில் ஐந்து மணி நேரம் வாசித்துப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் எழுதிய தலைப்பு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஞாயிறு விடியற்காலை மூன்றரைக்கு, மறுத்துப் பேசும் தெம்பு எனக்கே இல்லாமல் போனதால், தூங்கப் போனேன். நான்கு மணிக்கு எழுந்து வந்தவர் தட்டச்சு செய்யும் நண்பர். அவர் தலைப்பைப் படிக்கவில்லை. வழக்கப்படி தாளை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்து, ‘முயன்று கைவிட்டவை’ பத்தியில் நின்றார். வெள்ளி இரவு யாரோ அங்கே எழுதியிருந்தது இது: “ஸ்வீடனின் ஆங்கில எழுத்துகளுக்குள் புதன்கிழமையின் சுருக்கம் இருக்கிறது.” அதன் எதிரே என் கையால் ஒரே ஒரு சொல்: “தற்செயல்.” அவர் மீதி ஆறையும் பார்த்தார். ஆப்பிரிக்காவுக்குள் வெள்ளி, லெமனுக்குள் திங்கள், சன்டயலில் ஞாயிறு, ஸ்டாச்சூவின் வாலில் செவ்வாய், தம்பின் தலையில் வியாழன், சட்டயரில் சனி. வாரநாள் வரிசையில் அடுக்கியதும் மீதிப் பாதி கால் மணி நேரத்தில் விழுந்துவிட்டது. ஐந்தரைக்கு என்னை எழுப்பி விடையைச் சொன்னபோது, நான் தூக்கக் கலக்கத்தில் “மெட்டு கிடைத்ததா?” என்று கேட்டேனாம்.

பத்தியை நிரப்பும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்ததும், எல்லாம் தெரிந்தவர் அவரே என்று அணியும் அவரும் நம்பியதும்தான் பிழை. மூன்று விடைகள் மட்டுமே கையில் இருந்தபோது தற்செயல் என்று சொன்னது நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். ஏழும் வந்த பிறகு அந்தத் தீர்ப்பை யாரும் திரும்பப் பார்க்காததற்கு, அது எத்தனை விடைகளை வைத்துச் சொன்ன தீர்ப்பு என்று தாளில் இல்லாததே காரணம்.

டிசம்பர் 18

இந்த இழையைத் தொடங்கிய கேள்விக்காரர் எழுதியிருக்கிறார். அவர்கள் ஒருங்கிணைப்பாளர் இல்லாமலே போய், எங்களுக்கு ஆறு இடம் முன்னால் முடித்திருக்கிறார்கள். வாழ்த்துகள். நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன்: விரிதாளை யார் பார்த்துக்கொண்டார்கள்? வியாழனன்று மணிக்கட்டில் அடிபட்டு எழுத முடியாமல் போன ஒருவர், இடது கையால் விடைகளை ஏற்றிக்கொண்டும், “இதில் யாரும் இல்லையே” என்று இரண்டு நாளும் சொல்லிக்கொண்டும் இருந்தாராம். அவருக்குப் பதவிப் பெயர் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காததே நல்லதாயிற்று என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொன்னதை வேண்டாதபோது மறுக்க மற்ற ஒன்பது பேருக்கும் தயக்கமே இருந்திருக்காது.

டிசம்பர் 20

வெற்றுத் தாளின் நகலைக் கேட்டவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அதில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். ‘முயன்று கைவிட்டவை’ இப்போது ‘இன்னும் பொருந்தாதவை’. எழுதியவர் மட்டுமே தம் வரியை அடிக்கலாம். அதற்கு அடுத்த பத்தியில், அந்த யோசனையைச் சோதித்தபோது எத்தனை விடைகள் கையில் இருந்தன என்ற எண்ணைக் கட்டாயம் போட வேண்டும். புது விடை வந்ததும் பழைய எண்ணுள்ள வரிகள் தாமாக மஞ்சள் நிறமாகும்படி வைத்திருக்கிறேன். ஒருங்கிணைப்பாளர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவார். முதலில் தூங்கப் போகிறவர் நான்தான் என்று அணி ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது.